கிருமி இல்லாத சீழ்

காலை ஏழே முக்காலுக்கு நாங்கள் ஆறு பேரும் வெள்ளை உடுப்பும் தலைக்குல்லாயும் போட்டுக்கொண்டு பள்ளிச் சமையலறை வாசலில் கையை நீட்டி நிற்போம். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, பிறகு விரல் இடுக்கு. இகாவா டீச்சர் ஒவ்வொரு கையாகப் பார்த்துத் தாளில் வட்டம் போடுவார். வெட்டு, தீக்காயம், சீழ் என்று எது இருந்தாலும் வட்டத்துக்குப் பதில் பெருக்கல் குறி. அது விழுந்தவர் அன்று உணவைத் தொடக் கூடாது.

இருபத்திரண்டு வருஷமாகத் தமாயோவுக்கு வட்டம்தான். கையை நீட்டும்போதே அவள் வேறு பக்கம் திரும்பி, கொதிகலன் எப்போது சூடேறும், மீன்காரன் ஏன் இன்னும் வரவில்லை என்று பேசிக்கொண்டிருப்பாள். நானூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. படகுத் துடுப்பு மாதிரி இருக்கும் அந்தக் கரண்டியைப் பெரிய பானையில் விட்டுத் துழாவுவது அவள் வேலை. வேறு யாரும் அதைத் தொட்டால் பிடிக்காது. குள்ளம்தான், ஆனால் தோள் இரண்டும் மீன் கூடை தூக்குகிறவர்களுடையதைப் போல இருக்கும். குரலும் அப்படித்தான். கறி சோறு போடும் நாளில் அவள் அடுப்படியிலிருந்து சிரித்தால் மாடியில் ஐந்தாம் வகுப்புக்குக் கேட்கும் என்பார்கள்.

பிள்ளைகள் பெயர் அவளுக்குத் தெரியாது. திரும்பி வரும் தட்டில் எதை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை வைத்து அவளே பெயர் வைப்பாள். கேரட்டுக்காரி, காளான்காரன், மீன்தோல் தம்பி. பிள்ளைகளுக்கு அவள் 'சாப்பாட்டு அத்தை'.

ஜப்பானின் மேற்குக் கரையில் குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும் சிறிய ஊர் எங்களுடையது. யார் வீட்டில் என்ன நடந்தாலும் மறுநாள் மீன் கடையில் தெரிந்துவிடும். தமாயோவின் கணவர் இவாவோ ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேச இடம் கிடைத்திருக்காது என்று நாங்கள் கேலி செய்வோம். நான் சுமியே. தமாயோவை விட மூன்று வயது இளையவள். காய் நறுக்கும் மேசையில் அவளுக்கு அடுத்த இடம் என்னுடையது.

அவளுக்கு ஐம்பத்தொரு வயதான அந்த வசந்தத்தில், ஏப்ரலில் புது வகுப்புகள் தொடங்கிய இரண்டாம் வாரம், இகாவா டீச்சர் அவள் கையைப் பிடித்தவர் விடவில்லை. கட்டைவிரலின் அடிமேட்டில் சின்னச் சின்னதாக ஏழெட்டுக் கொப்புளங்கள். கடுகு அளவுதான். சில தெளிவாக, சில மஞ்சளாக.

வறுவல் எண்ணெய் தெறித்தது என்றாள் தமாயோ.

"எண்ணெய் தெறிச்சா புறங்கையிலதான் படும், தமாயோ சான்," என்றார் இகாவா, மரியாதைக்குச் சேர்க்கும் 'சான்' குறையாமல். "இது உள்ளங்கை. உள்ள சீழ் இருக்கு."

தாளில் பெருக்கல் குறி விழுந்தது. இகாவா அப்போது இருபத்தேழு வயதுப் பெண். எந்த வேளைக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டு உணவுப் பட்டியல் எழுதும் வேலை அவருடையது. சமையலறையின் சுத்தத்துக்கும் அவரே பொறுப்பு. அதற்கு முந்தைய வருஷம் எங்கெங்கோ பள்ளிகளில் உணவு நஞ்சாகிப் பிள்ளைகள் படுத்துவிட்டதால் விதிகளை இறுக்கியிருந்தார்கள். குறி போட்டபோது அவர் காதெல்லாம் சிவந்திருந்தது. தன் அம்மா வயதுள்ளவளை வேலையிலிருந்து நிறுத்துவது எளிதா என்ன?

தமாயோ அன்று குல்லாயைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கினாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள். சரியாகவும் ஆயிற்று. கொப்புளங்கள் காய்ந்து பழுப்பாகி உரிந்தன. மறுநாள் வட்டம். நான்காம் நாள் மறு கையில் புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியது. அது காய்வதற்குள் குதிகாலில்.

உள்ளூர் வைத்தியர் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார். களிம்புக்கு அடங்காததால் கிருமிக்கு மாத்திரை கொடுத்தார். ஒரு மாதம் தின்றும் வயிறு கெட்டதுதான் மிச்சம். ஒரு கூட்டம் உரிந்து முடியுமுன் அடுத்த கூட்டம் வந்தது. உரிந்த இடமெல்லாம் வெடித்து, சோயா சாஸ் பட்டால் கண்ணில் நீர் வரும். சைக்கிள் கைப்பிடியை அவள் துணி சுற்றித்தான் பிடித்தாள். ஜூன் தொடங்கியதும் காலை வரிசையில் நிற்பதையே விட்டுவிட்டாள். பள்ளி அலுவலகத்தில் அவளைத் தோட்டம், கூட்டுதல், காலணி அலமாரி துடைத்தல் என்று மாற்றிவிட்டார்கள்.

சமையலறைப் பக்கம் அவள் வரவில்லை. இகாவாவைக் கண்டால் வழி மாறிப் போனாள். அதுவரை ஆளுக்கொரு நாள் பிடித்த துடுப்புக் கரண்டி நிரந்தரமாக என் கைக்கு வந்தது. முதல் வாரம் நான் செய்த, சோயா விழுது கரைத்த மிசோ சூப்பு அடிப்பிடித்தது.

அதற்குள் மீன் கடைக்குச் செய்தி போய்விட்டது. சாப்பாடு சமைக்கிறவள் கையில் சீழ் வடிகிறதாம், பிள்ளைகள் அதைத்தான் சாப்பிட்டார்களாம். இரண்டு தாய்மார்கள் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் ஏப்ரலிலிருந்தே உணவைத் தொடவில்லை என்று அவர் சொன்னதை அவர்கள் கேட்டார்கள். நம்பினார்களா என்று தெரியாது.

ஊர்க் குளியலறையில் நடந்ததைத் தமாயோவே சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் இறங்கும் பொது இடம் அது. சின்ன வயதிலிருந்து தினமும் அங்கேதான் அவள் குளிப்பாள். முக்காலியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெண் அவள் உள்ளங்காலைப் பார்த்தாள். தன் வாளியையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு நான்கு குழாய் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பள்ளியில் ஒன்றாகப் படித்தவள்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா," என்றாள் தமாயோ. "அந்தக் குழாயில சூடு பத்தாது, இங்கயே இருன்னேன்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஆனால் அதன்பிறகு அவள் அங்கே போகவில்லை. அவர்கள் வீட்டுத் தொட்டி மிகச் சிறியது. முழங்காலை மடக்கி உட்கார்ந்தால்தான் உடம்பு நனையும். அவள் கேட்காமலே இவாவோ நாள்தோறும் வேலை விட்டு வந்து அதில் வெந்நீர் நிரப்பி வைத்தாராம். அவள் குளித்த நீரிலேயே அவரும் இறங்கிக் குளித்தாராம். வேண்டாம், எனக்கு என்ன நோயோ என்று அவள் சொன்னதற்கு, நீர் வீணாகுமே என்று மட்டும் பதில் சொன்னார். அவர் பேசியதிலேயே அது பெரிய பேச்சு என்றாள் அவள்.

அக்டோபரில் இடது கழுத்து எலும்பும் நெஞ்செலும்பும் சேரும் இடத்தில் வீங்கியது. முதலில் வலி மட்டும். பிறகு கோழிமுட்டை அளவுக்குப் புடைத்து, தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. பக்கத்து ஊர் மருத்துவமனையில் அறுவை வைத்தியர் பார்த்ததும் சீழ்க்கட்டி என்றார். யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வெட்டினார், சீழ் வந்தது. அதில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார். எதுவும் வளரவில்லை. முன்பே மாத்திரை தின்றதால் செத்திருக்கும் என்று மறுபடி எடுத்து அனுப்பினார். அப்போதும் இல்லை.

வெட்டிய புண் ஆறவும் இல்லை. ஓரமெல்லாம் புதிதாகச் சீழ்க்கொப்புளம் கட்டி, புண் அகலமாகிக்கொண்டே போனது. மூன்று வாரத்தில் அதற்குக் கீழே, விலா எலும்பின் மேல், இன்னொரு கட்டி. காய்ச்சலும் வந்தது. பத்து நாளில் அவள் கன்னம் ஒட்டிவிட்டது. நான் பார்க்கப் போனபோது அவள் போர்வையை முகவாய் வரை இழுத்துக்கொண்டு, உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறேன் போல, எத்தனை இடத்தில் வெட்டுவார்கள் என்று கேட்டாள். அந்தக் குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த அறுவை வைத்தியர் நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்தவர். இரண்டாம் கட்டியை வெட்டும் நாளைக் குறித்துவிட்டு, அதைத் தானே ரத்து செய்தார். வெட்ட வெட்ட மோசமாகிறது, கத்தியை எடுக்குமுன் பெரிய ஊரில் ஒருவரிடம் காட்டுவோம் என்று கடிதம் கொடுத்தார்.

இவாவோவுக்கு அன்று வண்டி மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ரயிலில் நான் கூடப் போனேன். முதல் பனி விழுந்திருந்தது. தமாயோ வழியெல்லாம் கையுறையைக் கழற்றவில்லை.

டாக்டர் மினேகிஷி அறுபதை நெருங்கிய பெண். முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார். கடிதத்தைப் படித்தார், நெஞ்சில் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார், மூடினார். பிறகு கையுறையையும் காலுறையையும் கழற்றச் சொன்னார்.

தமாயோ என்னைப் பார்த்தாள். நெஞ்சுக்கட்டிக்கு வந்த இடத்தில் காலைக் காட்டுவானேன் என்று அவளுக்கு. பழைய மருத்துவமனையில் அவள் கையைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஏதோ கரப்பான் என்று சொல்லிவிட்டாள். பாதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெட்கம். இப்போது தயங்கித் தயங்கிக் கழற்றினாள். டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விளக்கைத் திருப்பிப் பார்த்தார். கையுறை போடாமலே பிடித்திருந்தார். ஏழெட்டு மாதமாக அவள் காலை யாரும் அப்படித் தொட்டதில்லை.

"இதுவும் அதுவும் ஒண்ணுதான்," என்றார் நெஞ்சைக் காட்டி.

இன்னும் ஒரு முறை கட்டியில் ஊசி போட்டு உறிஞ்சி அனுப்பினார்கள். காசநோய்க் கிருமியையும் தேடச் சொன்னார். அது மெதுவாக வளரும் என்பதால் முடிவு தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆனால் மற்றது மூன்றே நாளில் வந்துவிட்டது. அவளை அங்கேயே சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் நான் போயிருந்தபோது டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கிருமி இல்ல. மூணாவது தடவையும் ஒண்ணும் வளரல."

"கிருமி இல்லாம சீழ் எப்படி வரும், டாக்டர்?"

"நீங்க பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறீங்க இல்ல? தீ ஒத்திகை பாத்திருப்பீங்க. மணி அடிச்சதும் பிள்ளைங்க எல்லாம் மைதானத்துக்கு ஓடி வருவாங்க. தீ எங்கயும் இல்ல. ஆனா அத்தனை பேரும் ஒரே வாசல்ல முண்டினா நாலு பேருக்கு முட்டி பேந்துடும். உங்க உடம்புல மணி அடிச்சது யாருன்னு தெரியல. சீழ்ங்கறது கிருமிய விரட்ட ஓடி வர்ற அணுக்கள்தான். உங்களுக்கு அதுங்க சும்மா ஓடி வருது. கையில வந்தா கொப்புளம். எலும்புகிட்ட வந்தா கட்டி. கத்தி பட்டா அதுவும் ஒரு மணிதான், இன்னும் ஓடி வரும்."

தமாயோ தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இது ஒட்டாதா?"

"ஒட்டாது."

"குளியலறையில? ஒரே தொட்டியில பத்து பேர் இறங்கினா?"

"நூறு பேர் இறங்கினாலும் ஒட்டாது."

அதை ஒரு தாளில் எழுதித் தர முடியுமா என்று தமாயோ கேட்டாள். எழுதித் தந்தார். கையெழுத்துக்குக் கீழே முத்திரையும் வைத்தார். அவள் அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் எழுந்து போகாமல், தன் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு காத்திருந்தார். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"சிகரெட் எத்தனை?"

"ரெண்டு மூணு இருக்கும்."

எனக்கு இருமல் வந்தது. சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் அவள் நிற்கும் இடத்தில் விழுந்து கிடக்கும் துண்டுகளைப் பெருக்குகிறவள் நான்தான்.

"பத்து," என்றாள் தமாயோ என்னை முறைத்து. இன்னும் கொஞ்ச நேரம் யோசித்து, "நல்ல நாள்ல பதினஞ்சு."

டாக்டர் தாளில் இருபது என்று எழுதியதை நான் பார்த்தேன். இந்த நோய் வருகிற பெண்களில் பெரும்பாலோர் புகைக்கிறவர்கள், விட்டால் எல்லாருக்கும் அடங்கும் என்று சொல்ல முடியாது, விடாவிட்டால் அடங்குவது கடினம் என்றார். பல்லையும் தொண்டையையும் பார்க்க வேண்டும் என்றார். அழற்சியைத் தணிக்கும் மாத்திரையை அன்றே தொடங்கினார். கத்தி எடுக்கவே இல்லை. இரண்டாவது கட்டி பத்து நாளில் தானாகச் சுருங்கி, மாதக் கடைசியில் தோல் தொய்ந்து கிடந்தது. வெட்டிய புண் ஓரத்திலிருந்து மெல்ல மூடியது. இரண்டு மாதமாக ஆறாதது ஆறுவதை நம்பாமல் அவள் ஒரு நாளைக்கு நான்கு முறை கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். காசநோய்க் கிருமியும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது.

புத்தாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, கையை நீட்டி நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது தமாயோ வந்தாள். வெள்ளை உடுப்பைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டிருந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு இகாவாவின் எதிரில் நேராக நின்று, அந்தத் தாளை நீட்டினாள்.

"என் சீழ் சுத்தமான சீழ். முத்திரை இருக்கு பாருங்க."

இகாவா தாளை வாங்கி, நின்றபடியே முழுதும் படித்தார். மேலிருந்து மறுபடியும் படித்தார். ரொம்ப சந்தோஷமாயிருக்கிறது என்றார். பிறகு, கையைக் காட்டுங்கள் என்றார். தமாயோ காட்டினாள். மாத்திரையில் குறைந்திருந்தது, ஆனால் நான்கைந்து கொப்புளமும், உரிந்து வெடித்த கோடுகளும் இருந்தன.

"உங்க நோயில கிருமி இல்ல, தமாயோ சான். ஆனா வெடிச்ச தோல்ல வெளியில இருந்து கிருமி வந்து உக்காரும். யார் கை வெடிச்சிருந்தாலும் உக்காரும். நான் வட்டம் போட முடியாது."

தமாயோ தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"உங்களுக்கு என்னை உள்ள விடப் பிடிக்கல. நேரா சொல்லுங்க."

"பிடிக்குது பிடிக்கலங்கறதுக்கு இந்தத் தாள்ல இடம் இல்ல," என்றார் இகாவா. அழுதுகொண்டேதான் சொன்னார். பெருக்கல் குறியையும் போட்டார்.

தமாயோ கதவை அறைந்துவிட்டுப் போனாள். அன்று கறி சோறு. நானூற்றுப் பத்துப் பேருக்கான உருளைக்கிழங்கையும் வாயே திறக்காமல் நறுக்கி முடித்தோம்.

மாலையில் நான் அவள் வீட்டுக்குப் போனேன். திட்டிக்கொண்டே இருந்தாள். நேற்றுப் பிறந்த பெண், புத்தகம் படித்துவிட்டால் போதுமா, நான் கரண்டி பிடித்தபோது இவள் பால் புட்டி பிடித்தவள். இவாவோ செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவள் மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, தாளைத் தாழ்த்தாமலே ஒன்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு சொன்னது தப்பா?"

தமாயோ தேநீரை ஊற்றி, அவர் முன்னால் சத்தம் வர வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகள் போன பிறகு, சமையலறைப் பின்வாசலில் வந்து நின்றாள். இகாவா உணவுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். நான் பானை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று பேசினாள். யோசித்துப் பார்த்தேன், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் பெருக்கல் குறிதான் போட்டிருப்பேன், ஆனால் நான் அழுதிருக்க மாட்டேன் என்றாள். இகாவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து போய் இடுப்பை வளைத்து வணங்கினார். தமாயோவும் வணங்கினாள். இருவர் தலையும் முட்டிக்கொள்ளாதது ஆச்சரியம்.

அப்போதுதான் இகாவா அந்த யோசனையைச் சொன்னார். மாதா மாதம் உணவுப் பட்டியலோடு ஒரு செய்தித்தாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். பெயர் போடாமல், இப்படி ஒரு நோய் உண்டு, ஒட்டாது என்று எழுதலாமா? பெயர் இல்லாமல் எழுதினால் ஊரில் யாருக்குத்தான் தெரியாது என்றாள் தமாயோ. தானே எழுதுவதாகச் சொன்னாள். வெடித்த கையில் பென்சிலைத் துணி சுற்றிப் பிடித்து எழுதினாள். தலைமையாசிரியர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பிப்ரவரித் தாளில் அது வந்தது:

'என் கையிலும் காலிலும் வருவது சீழ்தான். அதில் கிருமி இல்லை. மூன்று முறை தேடிவிட்டார்கள். யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் தோல் வெடித்திருப்பதால் போன ஏப்ரலிலிருந்து உங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டை நான் தொடவில்லை. எனவே சென்ற ஜூனில் மிசோ சூப்பு அடிப்பிடித்ததற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. கை ஆறியதும் வருவேன். கேரட்டை ஒதுக்காமல் சாப்பிடவும்.'

அடிப்பிடிக்க விட்டவள் யார் என்று ஊருக்கே தெரிந்துபோனதில் எனக்கு ஒரு வாரம் கோபம் இருந்தது.

தாளைப் படித்துவிட்டு யாரும் ஓடி வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் செய்யமாட்டார்கள். தலைமையாசிரியரைப் பார்க்கப் போன தாய்மார்களில் ஒருத்தி, தன் வீட்டு முள்ளங்கி என்று ஐந்தைக் கட்டி அவள் வாசலில் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போனாள். தமாயோ ஊறுகாய் போட்டு அதே வீட்டு வாசலில் ஒரு ஜாடியை வைத்துவிட்டு, அவளும் மணி அடிக்காமல் வந்தாள்.

சிகரெட்டை விட்டது பெரும் பாடு. முதல் வாரம் துடைத்த காலணி அலமாரியையே மறுபடி மறுபடி துடைத்தாள். வாயில் உப்புப் பிளம் கொட்டையை அடக்கிக்கொண்டே இருந்தாள். இவாவோவும் அவளுக்காக விடுகிறேன் என்றார். அவள் முகர்ந்து பார்க்காமல் அவரை வீட்டுக்குள் விடுவதில்லை. மூன்று முறை பணிமனையில் திருட்டுத்தனமாகப் பிடித்துவிட்டுப் புதினா மிட்டாய் தின்று வந்து மாட்டிக்கொண்டார். நாலாவது முறை மிட்டாய் மட்டும் தின்று வந்தும் மாட்டிக்கொண்டார். அன்று உண்மையாகவே பிடிக்கவில்லையாம். பேச்சு குறைந்த ஆள், சொல்லி நம்ப வைக்கத் தெரியவில்லை.

வசந்த விடுமுறையில் டான்சிலை எடுத்தார்கள். தொண்டைச் சதை உறங்கும் அழற்சியோடு இருக்கிறது, எடுத்தால் கை ஆற வாய்ப்பு உண்டு என்று டாக்டர் மினேகிஷி சொல்லியிருந்தார். அந்தப் பிரிவில் மற்ற ஐந்து கட்டிலிலும் சின்னப் பிள்ளைகள். ஐம்பத்திரண்டு வயதுக்காரி நடுவில். யாருக்கும் தொண்டையில் பேச்சு வராது. நான் பார்க்கப் போனபோது ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து, குளிர்ந்த முட்டைப் பாயசத்தைக் கரண்டியால் தொட்டுத் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். தமாயோ சைகையிலேயே ஒரு குழந்தையை இன்னும் ஒரு வாய் சாப்பிட வைத்தாள். தாளில் எனக்கு எழுதிக் காட்டினாள்: 'இனிப்பு போதல.'

ஒரே நாளில் மாயமாக மறையவில்லை. அந்தக் கோடையில் கொப்புளக் கூட்டங்கள் சிறுத்தன, இடைவெளி நீண்டது. இலையுதிர் காலத்தில் பாதம் தெளிந்தது. ஊர்க் குளியலறைக்கு மறுபடி போகத் தொடங்கினாள். முதல் நாள் நானும் கூடப் போனேன். தள்ளிப் போய் உட்கார்ந்த அந்தப் பழைய தோழி எங்களைப் பார்த்ததும் தலையைத் துவட்டுவது போல் துண்டில் முகத்தை மூடிக்கொண்டாள். தமாயோ அவளுக்கு அடுத்த முக்காலியில் போய் உட்கார்ந்து, முதுகு தேய்த்து விடச் சொல்லித் திரும்பிக்கொண்டாள். அவள் தேய்த்தாள். அழுத்தித் தேய்க்கிறாள், பழைய கோபம் போல என்று தமாயோ உரக்கச் சொன்னதில் தொட்டியில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

நவம்பர் பதினேழு, திங்கள்கிழமை. அந்தத் தேதி எனக்கு மறக்காது. வரிசையில் ஆறாவதாகத் தமாயோ நின்றாள். இகாவா உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார், விரல் இடுக்கை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தமாயோ அந்த முறை வேறு பக்கம் திரும்பிப் பேசவில்லை. வட்டம் போட்டார். போட்ட வட்டத்தின் மேலேயே பேனா இன்னொரு சுற்றுச் சுற்றியது.

அன்று கானாங்கெளுத்தி வறுவலும் முட்டைக்கோஸும் மிசோ சூப்பும். கரண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், கை பழகிவிட்டிருந்தது. இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்பதால் அவள் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று துழாவினாள். அந்த மூட்டு பிறகும் முழுதாகச் சரியாகவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறும் வரை எட்டு வருஷம் அவள் சமைத்தாள். நடுவில் நோய் எட்டிப் பார்த்தது உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ, பருவம் மாறும் நேரத்தில், காலை ஆறு மணிக்கு எனக்குத் தொலைபேசி வரும். "இன்னைக்கு பூத்திருக்கு. நீ துழாவு. அடிப்பிடிக்க விடாத." யாரும் கையைப் பார்த்துச் சொல்லும் வரை அவள் காத்திருக்கவில்லை. அன்றைக்குத் தோட்டத்தில் களை பிடுங்குவாள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

இகாவா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய், இப்போது அந்த வட்டாரப் பள்ளிகள் அத்தனைக்கும் உணவுப் பட்டியல் எழுதுகிறார். தமாயோவுக்கு எழுபத்து நான்கு. குளிர் நாளில் நெஞ்செலும்பு வலிக்கிறது என்பாள். தழும்பு விரல் நீளத்துக்கு இருக்கிறது. உயரக் கொடியில் துணி போட அவளால் முடியாது. போன வாரம் நான் போனபோது இவாவோ முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவள் சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, சட்டையைத் தலைகீழாகப் போடு, காலுறையை ஜோடி சேர்த்துப் போடு என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, தன் இஷ்டப்படியே போட்டார்.